எலி விழாத காய்ச்சல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் கோயில் இருக்கிறது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துகொண்டு, வெளியே கொட்டகை போட்டுத் தங்கிய காலத்தின் மிச்சம் அது. அந்த எலியை ஒரு விதத்தில் பாராட்டத்தான் வேண்டும். மனிதருக்கு முன்னால் தான் செத்துச் சேதி சொன்னது.

எங்கள் டெல்டா வயலில் ஓடும் எலி சேதி சொல்வதில்லை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா அதன் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் குடியிருந்தாலும் எலி கொழுகொழுவென்றுதான் திரியும். மூத்திரத்தோடு சேற்றில் கலக்கும் கிருமி, நடவுக்கு இறங்கியவரின் சேற்றுப்புண் வழியே உள்ளே போய்விடும். எலியைப் பிடித்துச் சிறுநீரகத்தை பிசிஆர் சோதனைக்கு அனுப்பினால்தான் விஷயம் வெளியே வரும்.

உண்ணிக்காய்ச்சல் வேறு கதை. அதன் கிருமியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. மாட்டில் இருக்கும் உண்ணி அல்ல. எலி அதற்குச் சோறு போடும் வீடு. காது மடலைப் புரட்டினால் இளம்புழுக்கள் ஒட்டியிருக்கும். போன மார்கழியில் என் அண்ணனுக்கு டெங்கு என்று ஆறு நாள் வைத்தியம் நடந்தது. ஏழாம் நாள் வேறொரு டாக்டர் அக்குளைத் தூக்கிப் பார்த்தார். சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருவடு. டாக்சிசைக்ளின் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. எலிக்காய்ச்சலுக்குக் கேட்கும் பென்சிலின் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் இரண்டுக்குமே கேட்கும், டாக்டருக்கு நினைவு வந்தால்! முதல் சில நாட்களில் ரத்தப் பரிசோதனையும் பல நேரம் கைவிட்டுவிடும். அந்த நேரத்தில், 'இந்த ஒன்றியத்து எலியில் இது இருக்கிறது' என்று ஒரு தாள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்தால் எவ்வளவு உதவி.

நாங்கள் பருவந்தோறும் எலிக்குக் கிட்டி வைக்கிறோம். விடிந்ததும் செத்தவற்றைச் சாக்கில் அள்ளிப் புதைக்கிறோம். எது கரம்பை எலி, எது புல்லெலி, எதற்குள் என்ன என்று கேட்க எங்கள் ஊருக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. கிட்டியில் செத்த எலி எல்லாச் சோதனைக்கும் உதவாது என்பதும் தெரியும். உடல் ஆறியதும் பூச்சிகள் இறங்கத் தொடங்கிவிடும். உயிரோடு பிடிக்கக் கூண்டு வேண்டும். ஓசூரில் உள்ள உங்கள் துறையின் ஆய்வு நிறுவனத்தாருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலிகளைச் சோதிக்கச் சொல்லி மாநிலம் முழுக்கக் கேட்கவில்லை. காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் ஒன்றியங்களில், மழைக்கு முன் ஒரு முறை, தை அறுவடையில் ஒரு முறை போதும்.

இன்னொன்று. வளைக்குள் புகை போட்டு, வெறுங்கையை விட்டு எலி பிடிப்பவர்களை முதலில் பரிசோதியுங்கள். அவர்களுக்குக் கையுறை கொடுங்கள். உயிரோடு பிடித்துத் தரும் எலிக்குக் கூலியும் கொடுங்கள். எந்த எலி எந்த வரப்பில் என்று அவர்களைவிட அறிந்தவர் உங்கள் அலுவலகத்தில் கிடையாது.

ஐப்பசிக்கு முன் ஆள் அனுப்புங்கள். கூண்டு வைக்க என் வரப்பு இருக்கிறது. நண்டு வளை எது, எலி வளை எது என்று காட்ட நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவன்