ஷொப்பிங் பேக்குக்குக் காசு. அதற்குள் கட்டி வீசும் பெம்பர்ஸுக்கு யார் பொறுப்பு?

2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடைகளில் பொலித்தீன் ஷொப்பிங் பேக் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று நுகர்வோர் விவகார அதிகார சபை வர்த்தமானி மூலம் அறிவித்தது. பையின் விலையைக் கடையில் காட்சிப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டிலும் அது தெரிய வேண்டும். இதைப் பற்றி எங்கள் ஊரில் நான் கேட்ட முதல் முறைப்பாடு கடைக்காரரிடமிருந்து வரவில்லை. ஒரு கைக்குழந்தையின் தாய் கேட்டார்: "அப்ப புள்ளட பெம்பர்ஸ இனி எதுல கட்டி வீசுற?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. நம் வீடுகளில் ஷொப்பிங் பேக்கின் இரண்டாவது வாழ்க்கை பெரும்பாலும் இதுதான். மீனோ மரக்கறியோ வந்த பை, அன்றிரவே பெம்பர்ஸைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது.

பொலித்தீன் பற்றி இந்த நாட்டில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே 20 மைக்ரோனுக்கும் குறைந்த பொலித்தீனும் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2021இல் சிறிய சஷே பக்கெட்டுகள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு. இப்போது பைக்கு விலை. எல்லாம் நல்லவையே. ஆனால் இவற்றில் எதுவும் பெம்பர்ஸைத் தொடவில்லை.

பெம்பர்ஸ் என்பதே ஒரு பிளாஸ்டிக் பைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெளிப்பக்கம் பொலித்தீன், தோலில் படும் பக்கம் பொலிப்ரொப்பலீன். நடுவில் மரக்கூழும், சிறுநீரை உறிஞ்சி ஜெல்லி போலாகும் ஒரு இரசாயனப் பொடியும் இருக்கின்றன. மூங்கில் நார், இயற்கைப் பஞ்சு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அநேகமானவற்றில் அந்தப் பொடி இருக்கத்தான் செய்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 1,825. நூறு கைக்குழந்தைகள் உள்ள ஒரு கிராம சேவகர் பிரிவில் ஒவ்வொரு நாளும் 500. படுக்கையில் இருக்கும் வயோதிபர்களுக்கான பெரிய பெம்பர்ஸ் இந்தக் கணக்கில் இல்லை. அதுவும் இப்போது நம் ஊர்களில் வேகமாகக் கூடிவருகிறது. வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சுமை தெரியும்.

அப்படியானால் பை எதற்கு? கசியாமலிருக்க என்பது பாதி உண்மை. உள்ளே இருப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பதே மீதிப் பாதி. அதனால்தான் கறுப்புப் பையைத் தேடுகிறோம். எங்கள் வீதிக்கு வரும் குப்பை டிரக்டர் உக்கும் கழிவை ஒரு நாளும் உக்காத கழிவை இன்னொரு நாளும் எடுக்கிறது. பெம்பர்ஸ் என்று தெரிந்தால் இரண்டு நாளும் எடுக்காது. உக்கும் கழிவில் போட்டால் பசளை கெடும், உக்காத கழிவில் போட்டால் மீள்சுழற்சிக்குப் பிரிக்கும் தொழிலாளியின் கை மலத்தில் படும். அவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுத்தால் அது எங்கே போகும்? இரவில் மோட்டார் சைக்கிளில் போய் பாலத்திலிருந்து களப்புக்குள் வீசப்படும், அல்லது கடற்கரையில் வந்து சேரும். தண்ணீரிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்யக் கூடாது என்று மத்ரஸாவில் படித்த பிள்ளைகளின் மலத்தைத்தான் நாம் பையில் கட்டித் தண்ணீரில் போடுகிறோம்.

புதைக்கலாமே என்பார்கள். கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற இடங்களில் நான்கைந்து பேர்ச் காணியில் வீடு கட்டியிருப்பவர் எங்கே புதைப்பார்? மணல் நிலம், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், கிணறோ பக்கத்திலேயே. எரிப்பதும் சரிவராது. நனைந்த பெம்பர்ஸ் ஒழுங்காக எரியாது. புகைதான் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

சபை எடுத்துக்கொண்டு போனாலும் கதை முடிவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேடு உலகச் செய்தியானது நமக்கு நினைவிருக்கும். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் கழிவுகள் அங்கே கொட்டப்படுகின்றன என்றும், எட்டு வருடங்களில் சுமார் இருபது யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்தன என்றும் 2022 ஜனவரியில் செய்தி வந்தது. சாப்பாட்டு மணமுள்ள பையை யானை பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே விழுங்குகிறது. கட்டிய பை ஒவ்வொன்றும் அந்த மேட்டில் இன்னொரு பொட்டலம்.

பை இல்லாமல் முடியுமா என்றால், பெருமளவுக்கு முடியும். முதலில் மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் எந்தப் பையில் கட்டினாலும் நாற்றம் நாற்றம்தான். பிறகு பெம்பர்ஸை இறுக்கமாகச் சுருட்டி அதன் பக்கப் பட்டிகளாலேயே ஒட்டிவிட்டால் அது தானே ஒரு பொட்டலமாகிவிடும். அதைக் கடதாசியில் சுற்றி மூடியுள்ள வாளியில் போட்டு வைக்கலாம். கடதாசி என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் வரும், அது சரியான தயக்கமே. பத்திரிகையில் அல்லாஹ்வின் பெயரோ ஆயத்தோ இருக்கலாம். கடை விளம்பரத் தாள், பிள்ளைகளின் பழைய கணக்குக் கொப்பி, சீமெந்துப் பையின் உள்தாள் என்று வேறு எத்தனையோ இருக்கின்றன. வாளிக்கு உள்ளுறை வேண்டுமென்றால் பெம்பர்ஸ் வாங்கும்போது வந்த பெரிய உறையே போதும். அதற்கு நீங்கள் ஏற்கனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

துணிக்குத் திரும்பச் சொல்லமாட்டேன் என்று நினைக்காதீர்கள், பாதியளவுக்குச் சொல்கிறேன். உம்மம்மா காலத்தில் பழைய சாரத்தைக் கிழித்துத்தான் நெப்பி. அதை யார் கழுவினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வேலைக்குப் போகும் தாய்க்கும், கொழும்புத் தொடர்மாடியில் ஒரு கயிறு கட்டவும் இடமில்லாதவருக்கும் முழு நாளும் துணி என்பது உபதேசம் மட்டுமே. ஆனால் பகலில் வீட்டில் துணி, இரவிலும் பயணத்திலும் பெம்பர்ஸ் என்று வைத்தால் ஐந்து இரண்டாகும். கழுவுவதில் வாப்பாமாரும் கை வைத்தால் இன்னும் குறையலாம்.

எனினும் வீடுகள் மாறினால் மட்டும் போதாது. கடதாசியில் சுற்றி வைத்ததையும் டிரக்டர் மறுத்தால் அந்தத் தாய் மறுபடியும் பையைத்தான் தேடுவார், ஐந்து ரூபா கொடுத்தாவது. இந்தியாவின் பூனே நகரில் கழிவு சேகரிக்கும் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்த ஏற்பாட்டில் பெம்பர்ஸையும் மாதவிடாய்ப் பஞ்சையும் பழைய பத்திரிகையில் சுற்றி மேலே ஒரு சிவப்புப் புள்ளி போட வேண்டும். புள்ளியைப் பார்த்ததும் பிரிக்காமல் தனியே வைப்பார்கள். செலவு ஒரு சிவப்புப் பேனை. 2016இல் இந்தியா கொண்டுவந்த திண்மக் கழிவு விதிகள், இவற்றை அகற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே ஒவ்வொன்றுடனும் கொடுக்க வேண்டும் என்று கூறின. இங்கே பையை விற்கும் கடைக்காரருக்கு விதி இருக்கிறது, பெம்பர்ஸைக் கொண்டுவந்து விற்கும் பெரிய கம்பனியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நம் சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 மே 6இல் நாம் வாக்களித்தோம். அந்த உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது பெரிய திட்டமல்ல. வாரத்தில் இரண்டு நாள் பெம்பர்ஸுக்கும் பஞ்சுக்குமென்று டிரக்டரில் ஒரு மூடிய பெட்டி, அதை எடுக்கும் தொழிலாளிக்கு நீண்ட கையுறை, கொட்டுமிடத்தில் வேலி போட்ட ஒரு தனிக் குழி. அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது இதற்கு எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பள்ளிவாசல் நிர்வாகமாவது எழுத்தில் கேட்கட்டும். சந்தானக் கிளினிக்குக்குப் போகும் தாய்மாரிடம் குடும்ப நல உத்தியோகத்தர் சுருட்டி ஒட்டும் முறையை இரண்டு நிமிடத்தில் செய்து காட்டலாம், அதற்கு வர்த்தமானி தேவையில்லை.