மேலதிக வருமானமா, மறுக்கப்பட்ட கூலியா?



இலண்டனில் வாழும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அண்மைக் காலமாக ஒரே வகைக் காணொளிகள் வலம்வருகின்றன. யாரும் அறியாத வழிகளில் பணம் சம்பாதிப்பது எப்படி, வேலைக்குப் போகாமலே மாதம் ஐந்நூறு பவுண் ஈட்டுவது எப்படி, படிக்கும்போதே கடனை அடைப்பது எப்படி என்று மலர்ந்த முகத்துடன் ஒருவர் எண்ணி எண்ணிச் சொல்கிறார். அவற்றைப் பார்த்துவிட்டு, "சுவாமி, இது சரியா?" என்று கோயில் வாசலில் என்னிடம் கேட்ட இளையோர் பலர். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை இங்கே எல்லாருக்கும் பொதுவில் எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும். கசக்க வேண்டியவர்களுக்குக் கசக்கட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். வழக்கத்துக்கு மாறானது என்பதாலேயே ஒரு தொழில் இழிவாகிவிடாது. வீட்டு முன்றிலில் வெறுமையாய்க் கிடக்கும் வாகனத் தரிப்பிடத்தை வாடகைக்கு விடுவதில் தவறில்லை. திரைப்படத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்பதிலும் தவறில்லை. வீட்டில் முறுக்கும் பயற்றம் பணியாரமும் செய்து விற்கும் தாய்மாரை நான் மதிக்கிறேன். தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னரே உள்ளூராட்சி மன்றத்தில் பதிந்துகொள்ளுங்கள் என்பது மட்டுமே அவர்களுக்கு என் வேண்டுகோள். சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 7,500 பவுண் வரை வரியில்லை. சிறு வணிகத்தில் 1,000 பவுண் வரை வரியில்லை. இவையெல்லாம் இந்நாட்டுச் சட்டமே திறந்துவைத்துள்ள கதவுகள்.

ஆனால் இக்கதவுகளில் பெரும்பாலானவை, வீடும் நிரந்தர வதிவிட உரிமையும் உள்ளவர்களுக்கே திறக்கின்றன. மாணவர் விசாவில் வந்திருக்கும் பிள்ளைக்கு வீடில்லை, தரிப்பிடமில்லை. சுயதொழில் செய்யவும் அவனுக்கு அனுமதியில்லை. பட்டப்படிப்பு மாணவன் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரம் மட்டுமே வேலை செய்யலாம். ஊரில் காணியை ஈடுவைத்து, தாயின் தாலிக்கொடியை அடகுவைத்து வந்த அந்தப் பிள்ளையிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? அவன் பெயர் இருக்கிறது. அவன் உடல் இருக்கிறது. இந்தக் காணொளிகள் கடைசியில் கைவைப்பதும் அவற்றிலேதான்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். "உன் வங்கிக் கணக்கில் கொஞ்சப் பணம் வரும். உனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நான் சொல்லும் கணக்குக்கு அனுப்பு." இதைக் கேட்கும்போது உதவிபோலத் தோன்றும். இந்நாட்டில் இப்படிப்பட்டவரை 'மணி மியூல்' என்கிறார்கள். அடுத்தவர் சுமையை முதுகில் சுமக்கும் கோவேறு கழுதை என்று பொருள். வருகிற பணம் ஏதோவொரு முதியவரை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். போதைப்பொருள் விற்றதாகவும் இருக்கலாம். 2002ஆம் ஆண்டின் குற்றவழி வருமானச் சட்டப்படி இதற்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. சிறைக்குப் போகாவிட்டாலும் வங்கி கணக்கை மூடிவிடும். மோசடித் தடுப்புப் பதிவேட்டில் அவன் பெயர் ஆறு ஆண்டுகள் வரை நிற்கும். அக்காலமெல்லாம் புதிய கணக்குத் திறப்பதும், கைபேசி ஒப்பந்தம் செய்வதும், கடன் பெறுவதும் பெரும்பாடு. கணக்கை இரவல் கேட்டவனோ தன் எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துவிடுவான். உண்டியல்காரருக்காகக் கைமாற்றித் தரும் காசுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஊருக்குத்தானே போகிறது, நம்மவர்தானே என்ற சமாதானம் நீதிமன்றத்தில் நிற்காது.

உணவு விநியோகச் செயலிகளில் கணக்கை வாடகைக்கு எடுப்பதும் இதன் தம்பிதான். கணக்கு ஒருவர் பெயரில். மழையில் சைக்கிள் மிதிப்பவன் வேறொருவன். கூலி கணக்குக்காரரின் வங்கிக்குப் போகிறது. அவர் வார வாடகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. விபத்தில் கால் முறிந்தால் காப்புறுதியும் இல்லை. யாரிடம் போய் முறையிடுவான்? முறையிட்டால் அவன் விசாவே போய்விடும். இதைத்தான் 'புத்திசாலித்தனமான வழி' என்று விற்கிறார்கள்.

அடுத்தது உடல். மருந்துப் பரிசோதனைகளுக்கு உடலைக் கொடுத்தால் சில ஆயிரம் பவுண் கிடைக்கும் என்று அந்தக் காணொளிகள் சொல்கின்றன. மருத்துவ ஆய்வை நான் பழிக்கவில்லை. நாம் உண்ணும் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் முன்வந்து உடலைத் தந்த யாரோ ஒருவர் இருக்கிறார். அது பிறரன்பின் செயல். ஆனால் நம்மவர் செறிந்து வாழும் ஹரோவில், நோர்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், 2006 மார்ச் 13ஆம் நாள் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். டிஜிஎன்1412 என்னும் மருந்தை முதன்முறையாக மனிதரில் சோதித்தார்கள். எட்டு இளைஞர்கள், ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு வெறும் நீர்மம். ஆளுக்கு ஏறக்குறைய 2,000 பவுண். சில மணிநேரத்தில் அந்த ஆறு பேரின் உள்ளுறுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. அறுவரும் உயிர் தப்பினார்கள். ஒருவர் கால்விரல்களையும் கைவிரல்களின் பகுதிகளையும் இழந்தார்.

அதன்பின் விதிகள் இறுகிவிட்டன. எல்லாருக்கும் ஒரேநேரத்தில் மருந்தேற்றும் வழக்கம் கைவிடப்பட்டது. அத்தகைய விபத்து மிக அரிது என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். இருந்தாலும், ஒரு பரிசோதனை முடிந்து உடல் தேறுமுன் அடுத்ததில் சேர்ந்துவிடுவோரைத் தடுப்பதற்கென்றே இந்நாட்டில் ஒரு பதிவேடு வைக்க வேண்டியிருக்கிறது. ஏன் அப்படிச் சேர்கிறார்கள்? வாடகை நாள் வந்துவிட்டது, அதனால்தான். ஆய்வு நிலையத்தில் நீட்டப்படும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட வருகிறவனை உள்ளே அனுப்பியது கடன்காரனென்றால், அந்தச் சம்மதத்தில் சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது?

இதுவரை வாசித்த பெரியவர்கள் பலர் தலையாட்டியிருப்பீர்கள். "நல்லாச் சொன்னீங்கள் சுவாமி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேராசை" என்று பின்னூட்டம் எழுதவும் ஆயத்தமாகியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். இனி எழுதப்போவது உங்களுக்கே.

அந்தப் பிள்ளை வாரத்தில் 20 மணிநேரம் எங்கே வேலை செய்கிறான்? பலவேளைகளில் நம் கடையில். நம் உணவகத்தின் பின்கட்டில். நம் பெற்றோல் நிலையத்தின் இரவுக் கல்லாவில். மணிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கு, 21 வயது நிரம்பிய எவருக்கும் மணிக்கு 12.21 பவுணுக்குக் குறைவாகக் கொடுப்பது சட்டவிரோதமாக இருந்தது. ஒழுங்காகக் கொடுக்கும் முதலாளிமார் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆண்டவர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் கையில் ஆறு பவுணைத் திணித்துவிட்டு, "ஊர்ப் பிள்ளை என்றுதானே வேலை தந்தேன்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எளிய கணக்கொன்று போடுவோம். அந்த ஆண்டின் சட்டப்படியான கூலிக்கும் ஆறு பவுணுக்கும் உள்ள வேறுபாடு 6.21. இருபது மணிநேரத்துக்கு 124.20. ஐம்பது வாரத்துக்கு 6,210 பவுண். மருந்துப் பரிசோதனையில் உடலைக் கொடுத்தும், வங்கிக் கணக்கை இரவல் கொடுத்தும் அந்தப் பிள்ளை தேடி அலைகிற 'மேலதிக வருமானம்' இதோ இருக்கிறது. அது காணொளியில் இல்லை. உங்கள் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. அது மேலதிகமும் அன்று. அவன் ஏற்கனவே உழைத்து முடித்த கூலி.

உங்கள் மறுமொழிகளும் எனக்குத் தெரியும். "தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறோமே." தங்குமிடத்துக்கு, 2025 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு, நாளொன்றுக்கு 10.66 பவுண் வரை மட்டுமே கூலியில் ஈடுகட்ட முடிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு சதமும் கழிக்க முடியாது என்பதே சட்டம். "அவனே கையில் காசு கேட்டான், இருபது மணிக்கு மேலும் அவனாகவே வேலை கேட்டான்." அவன் அச்சமே உங்கள் ஆதாயமென்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? மேலும், விசா நிபந்தனையை மீறி வேலைக்கு வைத்தால் முதல் தடவையே ஆளொன்றுக்கு 45,000 பவுண் வரை தண்டம் உண்டு. "மின்சாரக் கட்டணமும் கடை வாடகையும் ஏறிவிட்டன, பெரிய அங்காடிகளோடு போட்டியிட முடியவில்லை." இந்த மறுமொழியில் உண்மை இருக்கிறது. விடியுமுன் எழுந்து நள்ளிரவில் கடை பூட்டும் உங்கள் பாட்டை நான் அறிவேன். ஆனால் மின்சார நிறுவனத்துக்கு அரைப்பங்கு கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, "நாங்கள் எல்லாம் ஒரே ஊர்" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள், அவர்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். குறைத்துக் கொடுத்தும் வாய்திறக்காதவன் அந்தப் பிள்ளை ஒருவனே. ஆகவே அவன் கூலியில் வெட்டுகிறீர்கள்.

இலண்டன் மாநகருக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1889 ஆகஸ்ட் மாதம் தேம்ஸ் நதியோரத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் பலர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்க ஏழைகள். விடியற்காலையில் வாயிலில் முண்டியடித்து நின்று, பொறுக்கியெடுக்கப்பட்டால் மட்டுமே அன்றைய வேலை. மணிக்கு ஐந்து பென்ஸ் வாங்கியவர்கள் ஆறு பென்ஸ் கேட்டார்கள். அதுவே முதன்மைக் கோரிக்கை. வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராயிருந்த கர்தினால் மேனிங்குக்கு அப்போது 81 வயது. அவர் அந்தத் தொழிலாளரிடம் போய் மேலதிக வருமானத்துக்கு வழி சொல்லவில்லை. இரு தரப்புக்கும் இடையே நடந்து நடந்து பேசினார். செப்டம்பரில் அந்த ஆறு பென்ஸ் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதாலேயே கூலி நீதியானதாகிவிடாது, சிக்கனமாக வாழும் உழைப்பாளிக்கு அது போதுமானதாயும் இருக்க வேண்டும் என்பது அதன் போதனை. "அவன்தான் ஒப்புக்கொண்டானே" என்பவர்களுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்னரே பதில் எழுதப்பட்டாயிற்று. இப்போதைய திருத்தந்தை 14ஆம் லியோ தம் பெயரைத் தேர்ந்ததற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார். அவர் தேர்வானபோது வாழ்த்துப் படம் பகிர்ந்தவர்கள் அந்தப் பெயரின் பொருளையும் பகிர்ந்துகொள்ளுங்கள். விண்ணை நோக்கி ஓலமிடும் பாவங்களென நம் மறைக்கல்வி ஏடு எண்ணும் சிலவற்றில், கூலியாளுக்கு இழைக்கும் அநீதியும் ஒன்று. ஆபேலின் இரத்தத்தோடு ஒரே வரிசையில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

திருவிழாவுக்கு நன்கொடை தருகிறீர்கள். சுரூபத்துக்குப் பொன்முலாம் பூசித் தருகிறீர்கள். நன்றி. ஆனால் அந்தப் பிள்ளையின் கூலியிலிருந்து வெட்டிய பணத்தில் எனக்குப் பூமாலையும் வேண்டாம், பொன்முலாமும் வேண்டாம். முதலில் அவனுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி, இளையோரே, உங்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். எந்த நாளில் எத்தனை மணிநேரம் வேலை செய்தீர்கள் என்பதை ஒரு சிறு கொப்பியில் அன்றன்றே எழுதிவையுங்கள். சம்பளச் சீட்டைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அனுமதிக்கப்பட்ட மணிநேரத்துக்குள் வேலை செய்யும் மாணவருக்கும் ஆகக்குறைந்த கூலியும், ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பளத்துடனான விடுமுறையும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஏகாஸ் அமைப்பின் இலவச ஆலோசனைக்கு 0300 123 1100 என்னும் எண்ணை அழையுங்கள். கூலிச் சட்டத்தை அமலாக்கும் அரசு அதிகாரிகளிடம் பெயர் வெளிவராமலும் முறையிடலாம். அவர்கள் ஆறு ஆண்டுகள் வரையான நிலுவையை மீட்டுத்தர முடியும். முதலாளிக்கு அதற்குமேல் நிலுவையின் இருமடங்கு வரை தண்டமும் விழலாம். பயமாயிருந்தால் தனியே போகாதீர்கள். என்னிடம் வாருங்கள், சேர்ந்தே போவோம். வங்கி அட்டையை மட்டும் எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாமாவானாலும் சரி, மச்சானானாலும் சரி.

முதலாளிமாரே, உங்களில் எவருடைய பெயரையும் நான் இங்கே எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை. இந்தச் சனிக்கிழமை கடை பூட்டியபின் சம்பளக் கொப்பியை எடுத்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தந்தக் காலத்துக்குரிய சட்டப்படியான கூலியை எழுதிப் பெருக்கிப் பாருங்கள். குறைகிறதை ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால், எத்தனை வாரத்தில் கொடுப்பீர்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லி, எழுதியும் கொடுங்கள். ஞாயிறு திருப்பலியில் அவனுக்கு அருகிலேயே முழந்தாளிடப்போகிறீர்கள். அதற்கு முந்தைய இரவே இதைச் செய்துவிடுங்கள்.

ஆண்டவர் உங்கள் கடைகளையும் அவற்றில் உழைக்கும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.