பெட்டிக்குள்ள கத்துறது யாரு?

லேப் ரெக்கார்டுல கான்ஸ்டன்ட் மெஷ் கியர் பாக்ஸ் படம் வரைஞ்சிருப்பீங்க. நாலு கலர் ஸ்கெட்ச், ஸ்கேல் எல்லாம் வெச்சு பளபளன்னு வரைஞ்சு சாரோட கையெழுத்தும் வாங்கியாச்சு. சரி, அந்தப் படத்தை வெச்சே ஒரு வண்டியோட வியாதியைக் கண்டுபிடிக்கலாம்னு தெரியுமா? இந்த வாரம் அதான் மேட்டர்.

எங்க உறுவையாறுல ஒரு அண்ணன்கிட்ட பழைய டாடா 207 இருக்கு. 1988-ல் வந்த டாடா மொபைல் 206-க்குத் தம்பி முறை! விடியறதுக்கு முன்னாடி காய்கறி ஏத்திக்கிட்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பிடும். ஒருநாள் வண்டி நின்னா, அன்னிக்கு வாடகை அவுட். அந்த வண்டியில ‘கொர்ர்ர்’னு ஒரு சத்தம். ஒரு பட்டறையில காதுல விழுந்ததுமே, “பாக்ஸ் போச்சு, மாத்திடுங்க”ன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு பட்டறை மேஸ்திரிதான், “இரு தம்பி, எப்ப கத்துது, எப்ப நிக்குதுன்னு முதல்ல பாரு. அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம்”னார்.

அவர் சொன்னதுல அந்த ரெக்கார்டு படமே அடங்கியிருக்கு. எஞ்சின்ல இருந்து வர்ற இன்புட் ஷாஃப்ட், கீழே கவுண்டர் ஷாஃப்ட், பின்னாடி போற மெயின் ஷாஃப்ட். எந்த நேரத்துல எது சுத்துது, எது மேல லோடு விழுதுன்னு தெரிஞ்சா, சத்தம் போடறவன் தானா மாட்டுவான்.

முதல் டெஸ்ட்: வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல ஐடிலிங் விடுங்க. கிளட்ச்சுல கால் வைக்காதப்ப சத்தம் வந்து, மிதிச்சதும் நின்னா இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் மேல சந்தேகம். ஏன்னா கிளட்ச்சை மிதிச்சா ரெண்டும் சுத்தறது நின்னுடும். மிதிக்கும்போதுதான் சத்தமே வருதுன்னா? ரிலீஸ் பேரிங், இல்லேன்னா ஃப்ளைவீல் நடுவுல இருக்கிற பைலட் பேரிங். இந்த கேஸ்ல பெட்டி பாவம், நிரபராதி!

ரெண்டாவது டெஸ்ட், ரோட்டுல. எல்லா கியர்லயும் கத்தி, டைரக்ட் கியர்ல மட்டும் அடங்கினா கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் கோளாறு. பின் சக்கர இழுவை வண்டிகள்ல வர்ற 5 கியர் பெட்டிகள்ல பெரும்பாலும் 4-வது கியர்தான் டைரக்ட், அதாவது 1:1. அப்போ இன்புட்டும் மெயினும் நேரா பூட்டிக்கும். கவுண்டர் ஷாஃப்ட் சும்மா சுத்துமே தவிர, லோடு தூக்காது. ஒரே ஒரு கியர்ல மட்டும் சத்தம்னா அந்த ஜோடிப் பல்லைப் பாருங்க. காலி ரோட்டுல, எஞ்சின் ஓடிக்கிட்டே நியூட்ரல்ல உருளும்போதும் வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் ஏறி இறங்குதா? பெட்டியோட பின் பேரிங், ஜாயிண்ட் ஷாஃப்ட் கிராஸ், கிரௌன் பினியன், வீல் பேரிங்னு பின்னாடி தேடணும்.

கியர் மாத்தும்போது மட்டும் ‘கர்க்’குன்னா கிளட்ச் சரியா விடலைன்னு அர்த்தம், இல்லேன்னா சின்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கும். 1928-ல் கேடிலாக் கார்ல சின்க்ரோமெஷ் வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சு வேகத்தைச் சமன் பண்றது டிரைவர் வேலை. அந்த வேலையை இப்போ செய்யறது இந்தச் சின்ன வளையம்தான். அதனாலதான் ஆயில் விஷயத்துல கறார் வேணும். ஜிஎல்-5 ஆயில்கள் சிலதுல இருக்கிற கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கும். ‘எதை ஊத்தினா என்ன’ன்னு இருக்காம மேனுவல்ல இருக்கிற கிரேடைப் பாருங்க.

நம்ம அண்ணன் வண்டிக்கு வருவோம். நியூட்ரல்ல சத்தம், கிளட்ச் மிதிச்சா கப்சிப், 4-வது கியர்ல அடக்கம். கவுண்டர் ஷாஃப்ட்தான்! ஆயிலை இறக்கினா பாதிதான் வந்துச்சு. டிரெயின் பிளக் காந்தத்துல சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தா கவலை இல்லை, அது சாதாரண தேய்மானம். இதுல கையில குத்துற சில்லுங்க! பெட்டியை இறக்கிப் பிரிச்சா பேரிங்கோட சேர்ந்து கவுண்டர் ஷாஃப்ட் பல்லும் செதில் செதிலா பேர்ந்திருந்தது. பேரிங் மட்டும்னா சின்னச் செலவு. ஷாஃப்ட், அதோட ஜோடி கியர், சின்க்ரோன்னு கூட்டிப் பார்த்தா, பழைய நல்ல பெட்டியே மேல்.

பழைய பெட்டின்னா சென்னை புதுப்பேட்டைதான் ஞாபகம் வரும். எங்கே வாங்கினாலும் இன்புட் ஷாஃப்ட் நீளம், ஸ்ப்ளைன் எண்ணிக்கை, பெல் ஹவுசிங் போல்ட் துளை எல்லாம் பழசோட பொருந்தணும். கையால சுத்தி, எல்லா கியரும் போட்டுப் பாருங்க. ஷாஃப்ட்டை ஆட்டி பிளே பாருங்க.

ஆனா மேஸ்திரி கேட்டதுதான் முக்கியமான கேள்வி: “ஆயில் ஏன் குறைஞ்சுது?” பின்னாடி ஆயில் சீல் உட்கார்ற ஃப்ளேஞ்சுல நகத்துக்குத் தட்டுப்படற அளவுக்குப் பள்ளம். பெட்டியோட பிரீதர் துளையும் சேறால அடைப்பு. சூட்டுல உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியா ஆயில் கசிஞ்சிருக்கு. அந்த ஃப்ளேஞ்சையே கழட்டி வந்த பெட்டியில போட்டிருந்தா, புது சீலும் சீக்கிரமே போயிருக்கும். அண்ணன் மறுபடி அதே ‘கொர்ர்ர்’ கேட்டிருப்பார்!

மாட்டும்போது சில விஷயம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். பேட்டரி நெகட்டிவ் ஒயரை முதல்லயே கழட்டிடுங்க. பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட் பின் சீல் மூணையும் பாருங்க. இதுக்காக இன்னொரு தடவை இறக்கறது வீண் கூலி. கிளட்ச் பிளேட்டை அலைன்மென்ட் டூல் வெச்சு நடுவுல நிறுத்துங்க. பெட்டி எடையை இன்புட் ஷாஃப்ட்ல தொங்கவிடாதீங்க. போல்ட்டை முறுக்கியே பெட்டியை இழுத்து உட்கார வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். கடைசியா, ஆயில் ஊத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க!

அண்ணன் வண்டி இப்போ அமைதியா மார்க்கெட்டுக்குப் போகுது. அடுத்த தடவை அந்தப் படத்தை வரையும்போது, லோடு போற பாதையை ஒரு சிவப்புக் கோடா போட்டுப் பாருங்க. மார்க்குக்கும் உதவும், யாராவது ஒருத்தரோட ஒருநாள் வாடகைக்கும் உதவும். வர்ட்டா!