உள்ளங்கால் மச்சம்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளிநாட்டு யோகமாம். ஆளுக்கொரு கைகூப்பு வேறு. எனக்குக் கோபம்தான் வந்தது.

என் பெரியம்மாவைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆயுசு முழுக்க வெறுங்காலோடு நாற்றுப் பறித்தவர். குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் யோகம் என்றோம். பிறகு முள் என்றோம். அப்புறம் கால் ஆணி என்று பிளேடால் சீவிவிட்டோம். சீவியதில் நானும் ஒருவன். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் சென்னைக்கு அழைத்துப் போனோம். மெலனோமா என்றார்கள். காலம் கடந்துவிட்டது.

இது வெயிலால் வரும் வெள்ளைக்காரர் நோய் என்பார்கள். நம் நிறத்தவருக்கு அரிதுதான். ஆனால் வரும்போது வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரலில் கண்டுபிடித்தார்கள். பந்து விளையாடிப் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981-இல் போய்விட்டார், வயது 36.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண மச்சங்கள் பலவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் இருப்பதும் அதே மரபணுவின் பிழைதான்! மச்சத்தில் செல்கள் கொஞ்சம் பெருகி நின்றுவிடுகின்றன. வேறு பிழைகளும் சேரும்போதுதான் புற்றுநோய். (டிக்டேஷனில் ஒரு பிழைக்கே நான் பத்துமுறை எழுதவைத்ததை மன்னியுங்கள்.) உள்ளங்கால் வகையில் கிட் போன்ற வேறு மரபணுக்களும் கெடுகின்றன.

நுண்ணோக்கியிலும் குழப்பம் வரும். 1948-இல் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளுக்கு வந்த சில கட்டிகளைப் பற்றி எழுதினார். பார்வைக்கு மெலனோமாவேதான், குழந்தைகளோ பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். அவை தீங்கில்லாத மச்சங்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மச்சம் போல வேஷம் போடும் மெலனோமாவும் உண்டு. அப்போது மரபணுவையும் சோதித்துப் பார்க்கிறார்கள். டாக்டர்களுக்கே இந்தத் திண்டாட்டம் என்றால், மச்ச சாஸ்திரக்காரர் எதைக் கண்டார்?

எல்லா மச்சமும் புற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் புதிதாக வந்தால், பெரிதானால், நிறம் திட்டுத்திட்டாக இருந்தால், ரத்தம் கசிந்தால், நகத்தில் கறுப்புக் கோடு அகலமானால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சீவாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-இல். இன்னமும் நமக்குக் காலைக் காட்டக் கூச்சம்.

பூம்புகார்ப் பக்கம் வயலிலும் கடற்கரையிலும் செருப்பில்லாமல் நடப்பவர்கள் நாம். இன்று ராத்திரி அம்மா அப்பா காலைக் கழுவித் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். படம் போட்ட தம்பி, நீ முதலில் உன் அம்மா காலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.