மணியாக நடிக்கக் கேட்ட பையனும் தேனீக்கூட்டமாக வந்த சிறுமியும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகிறது. மின்னசோட்டா மாநிலம். சனிக்கிழமை மதியம் ஆனால் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்களுக்குக் கிடைக்காது. பேரனும் அவன் நண்பர்கள் நான்கு பேரும் பிடித்துக்கொள்வார்கள். மேசை முழுக்கக் காகிதம், பென்சில், விதவிதமான பகடைகள். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய் இல்லை, கட்டம் இல்லை, ஜெயித்தவர் தோற்றவர் இல்லை. நான்கு சனிக்கிழமை முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. நம் ஊர்த் திண்ணையில் பாட்டி கதை சொல்கிறாள் என்று வையுங்கள். "ராஜகுமாரன் குகை வாசலுக்கு வந்தான்" என்கிறாள். உடனே ஒரு பேரன், "ராஜகுமாரன் நான்தான். நான் உள்ளே போகமாட்டேன், வாசல்ல நெருப்பு மூட்டுவேன்" என்கிறான். நெருப்புப் பற்றியதா இல்லையா என்று 20 முகப் பகடையை உருட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் ஆட்டம். கதை சொல்லும் பாட்டிக்கு இங்கே டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். எங்கள் மேசையில் அது 13 வயதுப் பேரன்.

மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதன், எல்ஃப் எனும் காட்டுவாசி, குள்ளர் இனத்து வீரன் என்று புத்தகத்திலேயே பட்டியல் இருக்கிறது. பிரச்சினை அங்கேதான் வந்தது.

புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி, 12 வயது, தன் பாத்திரத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்து வந்தாள். இரும்புக் கவசம். உள்ளே ஆள் இல்லை. ஒரு தேனீக்கூட்டம் குடியிருக்கிறது! தேனீக்கள் சேர்ந்து கையை ஆட்டும், காலை நகர்த்தும், வாளைப் பிடிக்கும். அதுதான் அவள் பாத்திரம்.

பேரன் தாளைப் பார்த்தான். "இது புத்தகத்துல இல்ல. முடியாது. மனுஷனோ எல்ஃபோ எடுத்துக்கோ" என்றான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. காரணம் சொல்கிறேன்.

1994. ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். ஆண்டு விழாவுக்கு மனுநீதிச் சோழன் நாடகம். ராஜா வேண்டும், இளவரசன் வேண்டும், மந்திரி வேண்டும், பசு வேண்டும், கன்று வேண்டும். கை தூக்கியவர்களுக்கெல்லாம் பாத்திரம் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். வழக்கமாகக் கை தூக்காத பையன்.

"டீச்சர், நா... நான் மணி."

"என்னப்பா மணி?"

"ஆராய்ச்சி மணி."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "மணியா நடிக்க ஆள் எதுக்குடா? ஹெட்மாஸ்டர் ரூம்ல நிஜ மணியே இருக்கு" என்று சொல்லி, அவன் கையில் ஒரு காகித ஈட்டியைக் கொடுத்துக் காவலாளியாக நிறுத்திவிட்டேன். விழா அன்று ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி கை தூக்கவில்லை.

அவனுக்குத் திக்குவாய். ராஜாவும் மந்திரியும் வசனம் பேச வேண்டும். பசுகூட அழுது புலம்ப வேண்டும் என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். மேடை ஏறவும் வேண்டும், வாய் திக்கவும் கூடாது என்றால் அந்த நாடகத்தில் அவனுக்கு ஏற்ற ஒரே பாத்திரம் மணிதான். "டங்" என்று ஒரே சொல். ஒன்பது வயதுப் பிள்ளை முழு நாடகத்தையும் மனதில் ஓட்டிப் பார்த்து, தனக்கான இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து வந்து கேட்டிருக்கிறான். எனக்கு இது புரியப் பல வருடம் ஆயிற்று. "ஏன்டா மணி?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

அதனால் அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பேரனிடம் பேசினேன். அவன் சாதாரண ஆள் இல்லை, வாதம் செய்தான்.

"அம்மாச்சி, சும்மா முடியாதுன்னு சொல்லல. தேனீன்னா கதவுக்குக் கீழ பூந்து போயிடும். சாவித் துவாரத்துல போயிடும். நான் கஷ்டப்பட்டு ஒரு கோட்டை வரைஞ்சு வச்சிருக்கேன். பூட்டுக்கெல்லாம் அர்த்தமே இல்லாமப் போயிடும். பூட்டுத் திறக்கிறதுக்குன்னே ஒருத்தன் திருடன் எடுத்திருக்கான், அவனுக்கு என்ன வேலை?"

நியாயமான பேச்சு. ஆட்டத்தை நடத்துபவனுக்கு வேலை அதிகம். ஐந்து பேர் மூன்று மணி நேரம் சந்தோஷமாக இருக்க அவன் வாரம் முழுக்கத் தயார் செய்கிறான். யாராவது ஒருவர் கொண்டுவரும் பாத்திரம் மற்றவர்களின் முறையைத் தின்றுவிட்டால் ஆட்டம் கெட்டுவிடும். மறுப்பவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

பிறகு இந்த விளையாட்டின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை! சுவாரசியமாக இருந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் மூன்று சிறு புத்தகங்களாக இதை வெளியிட்டார்கள். மனிதன், எல்ஃப், குள்ளர் என்று பட்டியல் போட்ட அந்த முதல் புத்தகமே, வேறு எதுவாகவும் ஒருவர் விளையாடலாம், குட்டி டிராகனாகக்கூட விளையாடலாம், ஆனால் மற்றவர்களைப் போலப் பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக வளர வேண்டும் என்று அனுமதி தந்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, 1979-ல் வந்த நடத்துநர் கையேட்டில் அதே கைகாக்ஸ் அரக்கர், பூதம் போன்ற பாத்திரங்களை ஊக்குவிக்க வேண்டாம் என்று எழுதினார். அப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஆக, இந்தச் சண்டை விளையாட்டு பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது.

இன்னொன்று. ஆர்னசன் இந்த மின்னசோட்டாக்காரர்தான். புத்தகம் வருவதற்கு முன்பே, 1971 வாக்கில், இங்கே இரட்டை நகரங்களில் நண்பர்களை வைத்து பிளாக்மூர் என்ற கற்பனை ஊரில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒருவரின் பாத்திரம் இரத்தம் குடிக்கும் காட்டேரியாக மாறி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதாம். ஆர்னசன் அவரை வெளியே அனுப்பவில்லை. காட்டேரியை எதிர்க்க ஒரு புதுவகைப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். தெய்வ பலத்தால் பேய்களை விரட்டவும் காயம் ஆற்றவும் தெரிந்த மதகுரு. கிளெரிக் என்ற அந்தப் பாத்திரம் இன்றும் விளையாட்டின் அடிப்படை வகைகளில் ஒன்று. ஒரு விசித்திரப் பாத்திரம் வந்ததால் எல்லோருக்கும் ஒரு புதுப் பாத்திரம் கிடைத்தது.

கறுப்பு எல்ஃப் என்ற ட்ரோ இனத்தாரும் முதலில் கொடியவர்களாகத்தான் வந்தார்கள். அந்த இனத்தில் பிறந்த ஒரு நல்லவனை 1988-ல் ஆர்.ஏ. சால்வடோர் தன் நாவலில் கொண்டுவந்தார். ட்ரிஸ்ட் என்று பெயர். இன்றைக்கு இந்த விளையாட்டு உலகத்திலேயே புகழ்பெற்ற பாத்திரங்களில் அவன் ஒருவன். டிராகன் முகம் கொண்ட மனிதரும், கொம்பு முளைத்த டீஃப்லிங்கும் 2008 பதிப்பில் ஆட்டக்காரர்களின் முதன்மைப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். "புத்தகத்துல இல்ல" என்று சொல்லும்போது, இன்று புத்தகத்தில் இருப்பதில் பாதி ஒரு காலத்தில் புத்தகத்தில் இல்லாதது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பிறகு ஆசிரியப் பயிற்சியில் படித்ததை வைத்து ஒரு யோசனை சொன்னேன். பாடத்தின் நோக்கம் வேறு, பாடத்தின் உருவம் வேறு. கூட்டல் கற்பிக்கப் புளியங்கொட்டையும் வைக்கலாம், சோழியும் வைக்கலாம். கணக்கு மாறாது.

"மனித வீரனுக்கு என்ன எண்களோ அதையே அந்தப் பொண்ணுக்கும் கொடு. நீளவாளுக்கு எட்டு முகப் பகடைதானே? வெட்டுன்னு சொன்னாலும் கொட்டுன்னு சொன்னாலும் எதிரிக்கு விழற அடி ஒண்ணுதான். உயிர்ப்புள்ளியும் அதே. உருவம் மட்டும் அவ விருப்பம்."

"அப்ப பூட்டு?"

"அதை அவகிட்டயே கேளு."

அடுத்த சனிக்கிழமை கேட்டான். "உன்னோட தேனீ கதவுக்குக் கீழ போகுமா?" அவள் யோசிக்கவே இல்லை. "போகாது. ராணித்தேனீ கவசத்தோட மார்புக்குள்ள இருக்கா. அவளை விட்டு மத்ததெல்லாம் ஒரு கை நீளத்துக்கு மேல போகாது." பிறகு அவளாகவே சொன்னாள்: "புகை போட்டா எல்லாம் மந்தமாயிடும். அப்ப நான் சண்டை போட முடியாது." யாரும் கேட்காமலே தனக்கு ஒரு பலவீனத்தைத் தானே எழுதிக்கொடுத்தாள். தேன் எடுப்பவர்கள் புகை போடுவது இதற்காகத்தானே.

ஏன் தேனீ என்றும் கேட்டான். பள்ளியில் தேனீ பற்றிப் படித்தாளாம். பிடித்துவிட்டதாம். அவ்வளவுதான்! நான் ஏதோ பெரிய காரணம் வரும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு விசித்திர ஆசைக்குப் பின்னாலும் ஒரு திக்குவாய் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெறும் ஆசை என்றாலும் ஆசைதான்.

இதைப் பார்த்த இன்னொரு பையன் சும்மா இருப்பானா? "நான் கடவுளோட பிள்ளை. என்னை எந்த ஆயுதமும் தொடாது" என்றான். பேரன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனே கேட்டான்: "கடவுளோட பிள்ளையா இரு. ஆனா மத்தவங்க மாதிரி முதல் நிலையில தொடங்கு, உன் மேலயும் அடி விழும். சரியா?" அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப வேண்டாம்" என்றான். அவன் கேட்டது பலத்தை. அவள் கேட்டது உருவத்தை. முதலிலேயே இரண்டுக்கும் சேர்த்து "முடியாது" என்று சொல்லியிருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

சாதாரண மனிதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே ஆட்டத்தைக் கெடுப்பவர்களும் உண்டு. கூட வருகிற நண்பர்களின் பையிலேயே திருடிவிட்டு, "என் பாத்திரத்தோட குணம் அப்படி" என்பார்கள். ஆகவே பார்க்க வேண்டியது உருவம் வழக்கமானதா என்பதை அல்ல. இந்தப் பாத்திரம் மற்றவர்களோடு சேர்ந்து நடக்குமா? மற்றவர்களின் முறையைப் பறிக்காதா? எல்லோரும் ஒப்புக்கொண்ட கதைக்குப் பொருந்துமா? எல்லோரும் சேர்ந்து பயங்கரமான பேய்க்கதை ஆடலாம் என்று முடிவு செய்த இடத்தில் கோமாளி வாத்து வந்து நின்றால் ஒட்டாதுதான். அதற்குத்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். பேசிய பிறகும் ஒத்துவராவிட்டால் "முடியாது" என்று சொல்ல நடத்துபவனுக்கு முழு உரிமை உண்டு. கேட்காமலே சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் எல்லோரும் பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டார்கள். தேனீக்கள் ஆடிக்காட்டித்தான் பூ இருக்கும் திசையை மற்ற தேனீக்களுக்குச் சொல்லும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இடுப்பை ஆட்டி ஆடிக்காட்டினாள். பகடையில் 17 விழுந்தது. வழி கிடைத்தது. கடவுளின் பிள்ளையாக வரப்பார்த்த அதே பையன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான்.

நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 1994-ன் அந்தப் பையனுக்கு இப்போது 40 வயது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

இதைப் படிக்கிறவர்களில் வகுப்பு எடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஆண்டு விழா நாடகம் போடுவீர்கள். யாராவது ஒரு பிள்ளை வந்து மணியாக நடிக்கிறேன் என்று கேட்டால், சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு, "எப்படி அடிப்பே, காட்டு" என்று கேளுங்கள். பிறகு முடிவு செய்யலாம்.

உங்கள் வகுப்பில் இப்படி விசித்திரமாகக் கேட்ட பிள்ளைகள் உண்டா? என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.