வாடகை உங்களுக்கு, குப்பை ஊருக்கா?

வாடகை வாங்கும் கட்டடம் எதுவானாலும், அது கடையோ வணிக வளாகமோ கல்யாண மண்டபமோ பட்டறையோ, அதன் முகப்பும் முன்புறமும் பக்கச் சந்தும் குறைந்தபட்ச ஒழுங்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமையாளர் பதில் சொல்ல வேண்டும், அதற்கு மாநகராட்சி ஒரு தரம் வகுக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தாலே கோவை கணபதியில் கட்டடக்காரர்கள் தரப்பிலிருந்து ஒரு குரல் எழுந்துவிடுகிறது. அந்தக் குரலுக்குரிய நண்பர் படித்தவர், நாலு பேர் மதிக்கிறவர், உரிமை, சட்டம், ஜனநாயகம் என்ற சொற்களைத் தாராளமாகப் புழங்குகிறவர். அவருடைய வாதங்களைத் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயம்போலத்தான் ஒலிக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறுவது தெரியும். வாசகர்களுக்கு அதைக் காட்டுவது மட்டுமே என் வேலை. முடிவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் சொத்துவரியைப் பிடித்துக்கொள்கிறார். 2022-இல் வணிகக் கட்டடங்களுக்கு வரியை நூறு சதவீதம் ஏற்றினார்கள், அத்தனையும் கட்டிவிட்டு வாசலையும் நாங்களே பார்த்துக்கொள்வதா என்கிறார். ஏற்றம் கனமானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாலைக்கும் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஊரார் எல்லோரும் போடும் பங்குதானே வரி? அது கடைக் கழிவைத் தெருவில் தள்ளிவிடும் உரிமைக்கான கட்டணம் என்று எந்தச் சட்டம் சொன்னது? குப்பையை உண்டாக்குகிறவர் அதைத் தெருவிலோ பொது இடத்திலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக்கூடாது, எரிக்கக்கூடாது, புதைக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டன. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனியாக வகைப்படுத்திக் கூடுதல் பொறுப்பையும் சுமத்தின. வரி ரசீதைக் காட்டினால் விலக்கு உண்டு என்று அவற்றில் எங்கும் இல்லை.

சரி, கடையின் முன்புறம் மாநகராட்சியுடையது என்று அவர் சொல்வதை வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். நண்பர் சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் பக்கமிருந்து அத்திப்பாளையம் பிரிவு வரை ஒருமுறை நடந்து வரட்டும். காரில் அல்ல, கால்நடையாக. மழைநீர் வடிகாலை மூடிக் கான்கிரீட் சாய்தளம், அதன்மேல் மழையில் வழுக்கும் பளபளப்புக் கல், இருபுறமும் குட்டைத் தூண் நட்டு நடுவே சங்கிலி, சங்கிலியில் வாடிக்கையாளர் வண்டிகளுக்கு மட்டும் என்று பலகை. சில இடங்களில் அந்தச் சாய்தளத்தின் ஓரத்தையே செல்போன் கவர் விற்கிறவருக்கும் இளநீர் வண்டிக்கும் நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாநகராட்சி இடத்தில் சங்கிலி கட்ட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வாடகை வரும்போது அந்த நாலடி என்னுடையது, பிளாஸ்டிக் கவரும் டீக் கப்பும் கிடக்கும்போது அதே நாலடி மாநகராட்சியுடையது! ஒரே இடத்துக்குக் காலையில் ஒரு சொந்தக்காரர், மாலையில் வேறொருவர் என்ற இந்தச் சொத்துரிமைக் கோட்பாட்டை எந்த நீதிமன்றத்தில் போய் நிறுவப்போகிறார்? இதற்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது.

மழை பெய்தால் விஷயம் இன்னும் வெளிச்சமாகிவிடும். அடைப்பெடுக்க வரும் தூய்மைப் பணியாளர் கடப்பாரையை எங்கே போடுவார்? கடைக்குக் கடை ஒட்டவைத்துப் பூசிய கான்கிரீட்டில் தூக்குவதற்கு ஒரு பலகைகூட இல்லை. சங்கனூர்ப் பள்ளத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் ரோட்டிலேயே நிற்கிறது. உடனே நம் நண்பர் மாநகராட்சி வடிகாலைத் தூர்வாரவில்லை என்று மனுவோடு கிளம்பிவிடுகிறார். வடிகாலின் வாயை அடைத்தவரே தூர்வாரவில்லை என்று மனு கொடுப்பதை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

செலவு தாங்காது, பராமரிப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்றும் சொல்கிறார். கணபதியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ! லேத் பட்டறையும் பம்ப்செட் உதிரிபாகமும் பவுண்டரியுமாக வளர்ந்த ஊர் இது. எந்தப் பட்டறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள்: கடைசல் எந்திரத்தின் அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி, அள்ளி, சாக்கில் கட்டி ஓரமாக வைத்திருப்பார்கள். பித்தளைத் தூள் என்றால் தனி டப்பா. அதில் ஒரு பிடிகூட ரோட்டுக்கு வராது, ஏனென்றால் ஸ்கிராப் கடையில் அதற்கு விலை உண்டு. ரோட்டுக்கு வருவதெல்லாம் எண்ணெய் துடைத்த வேஸ்ட் துணி, கிழிந்த பேக்கிங் அட்டை, தெர்மாகோல், பவுண்டரி மணல். ஆகவே கூட்டவும் தெரியும், பிரிக்கவும் தெரியும், ஆளும் இருக்கிறது. காசு தராத கழிவு மட்டும் ஊர் தலையில் என்பதுதான் கொள்கை. ஆயுத பூஜை வந்தால் எந்திரத்துக்குப் பெயின்ட், சுவருக்கு வெள்ளை, தரைக்குக் கழுவல், எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிடுகிறது. அன்று மாலை வாசலில் பூசணிக்காயை உடைத்து நடுரோட்டில் சிதறவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ராத்திரி அந்த வழியே டூவீலரில் வருகிறவர் சறுக்கி விழுந்தால் அது யார் கணக்கு?

இனி ரசனை வாதம். என் சுவர், என் கட்டடம், அழகு அவரவர் விருப்பம், பெயின்ட் அடிப்பதையெல்லாம் அரசாங்கம் சொல்லக்கூடாது என்பது அது. தனிமனித சுதந்திரத்தின் பெயரால் பேசுவதால் கம்பீரமாகத் தெரிகிறது. ஆனால் தொழிற்கூடம் நடத்தும் எவருக்கும் 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதன் 11-ஆவது பிரிவு, எண்ணெய்ப் பெயின்ட் அடித்த உட்சுவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி பெயின்ட், சாதாரணச் சுவருக்குப் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது வெள்ளையடிப்பு என்று மாதக் கணக்கோடு எழுதி வைத்திருந்தது. உள்ளே நிற்கும் தொழிலாளிக்காகச் சுவரைப் பராமரிக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டு, வெளியே நடந்துபோகும் பள்ளிப் பிள்ளைக்காக இல்லை என்பது என்ன தர்க்கம்? உலகத்தையும் பார்த்துவிடலாம். பாரிஸ் நகரக் கட்டட முகப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும் என்ற ஆணை 1852-இலேயே வந்துவிட்டது. நியூயார்க்கில் 1979-இல் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து பெயர்ந்த துண்டு விழுந்து நடைபாதையில் போன கல்லூரி மாணவி இறந்தார். அடுத்த ஆண்டே உயரமான கட்டடங்களின் முகப்பைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நிபுணர் சோதிக்க வேண்டும் என்று அந்த நகரம் சட்டம் போட்டது. வெளிநாடு எதற்கு என்றால் ஜெய்ப்பூருக்குப் போகட்டும். பழைய கோட்டை நகரத்தின் கடைவீதிகளில் சுவரின் நிறமும் பெயர்ப்பலகையின் அமைப்பும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அங்கே வியாபாரம் படுத்துவிட்டதா?

உண்மையில் இது ரசனைப் பிரச்சினையே அல்ல. வாசலில் நின்று கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். மூன்றாவது மாடி சன்ஷேடின் வெடிப்பில் காக்கை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைத்து இடுப்பளவு நிற்கிறது. வேர் உள்ளே இறங்கி, பூச்சு உப்பி, கம்பி துருப்பிடித்துச் சிவப்பாக வெளியே தெரிகிறது. அதற்கு நேர் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். மொட்டைமாடியில் பழைய விளம்பரம் கிழிந்துபோய் வெறும் இரும்புச் சட்டம் ஆடுகிறது. 2023 ஜூன் 1 அன்று கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைக்கான சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தது நம் மாவட்டத்தில்தான். பின்பக்கச் சந்தில் பழைய டயரும் உடைந்த பக்கெட்டும் கிடக்கின்றன. அவற்றில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர்ந்துவிடப் போதும், அதற்கு வேண்டியது ஒரு வாரம், பத்து நாள். இதில் எது அவரவர் விருப்பம்?

சின்ன வியாபாரி செத்துப்போவான் என்ற அழுகைதான் எனக்கு அதிகக் கோபம் தருவது. இப்படி அழுகிறவர் யார்? பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஒழுகும் ஷட்டரைக்கூடக் கடைக்காரரையே மாற்றிக்கொள்ளச் சொல்லும் கட்டட உரிமையாளர். பத்துக்குப் பத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவரின் பெயரை இவர் இழுப்பது தன் கட்டடத்துக்குக் கவசமாகத்தான். முகப்புக்கும் வடிகாலுக்கும் உரிமையாளர் பொறுப்பு, அன்றாடக் கூட்டலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் மட்டும் கடைக்காரர் பொறுப்பு என்று விதி பிரித்துச் சொன்னால் சின்ன வியாபாரிக்கு அது பாதுகாப்பு அல்லவா? 2003-இல் நியூயார்க் நகரம் நடைபாதைப் பழுதால் யாராவது அடிபட்டால் பக்கத்துக் கட்டட உரிமையாளரே பொறுப்பு என்று மாற்றியபோது, உரிமையாளர் தானே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தது. ஏழையைக் காப்பாற்ற அப்படி வழி இருக்கிறது. நம் நண்பர் அந்த விலக்கைக் கேட்கவில்லை. தரமே வேண்டாம் என்கிறார்.

ஏன்? முன்புறத்தைப் பார்க்க வருகிற அதிகாரி கையில் அனுமதி பெற்ற வரைபடமும் இருந்துவிட்டால் என்னாவது என்ற பயம்தான். வரைபடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்துமிடம். நேரில் பார்த்தால் அங்கே மொபைல் சர்வீஸ் கடையும் குடோனும். வரைபடத்தில் பக்கவாட்டுக் காலியிடம். நேரில் ஜெனரேட்டர், தகரக் கொட்டகை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வண்டி நிறுத்தத்துக்கும் காலியிடத்துக்கும் அளவு வகுத்திருக்கின்றன. வாடிக்கையாளர் வண்டி நடைபாதையில் ஏறி நிற்பதும், நடக்கிறவர் பஸ் வரும் ரோட்டில் இறங்குவதும் எங்கிருந்து தொடங்குகிறது என்று இப்போது புரிகிறதா? சுதந்திரத்தைப் பற்றிய அத்தனை பேச்சும் கடைசியில் இந்தத் தரைத்தள வாடகையைக் காப்பாற்றத்தான்.

மாநகராட்சி முதலில் வெள்ளலூரைச் சுத்தம் செய்யட்டும் என்பார். வெள்ளலூர் குப்பைக்கிடங்கு இந்த நகரத்தின் அவமானம், அங்கே எரியும் புகையைச் சுவாசிக்கும் மக்களுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம். பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்பமுடியாது என்று 1980-இலேயே ரத்லாம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சியை உலுக்கலாம், நானும் கூட வருகிறேன். ஆனால் வெள்ளலூருக்குப் போய்ச் சேரும் குப்பை எங்கிருந்து போகிறது? தரம் பிரிக்காமல் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிறவர்களில் இவருடைய வளாகமும் ஒன்றல்லவா?

அவர் சொல்வதில் கனமான வாதம் ஒன்றே ஒன்று உண்டு: விதி வந்தால் லஞ்சம் வரும். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. அழகாக இருக்க வேண்டும், சுகாதாரமாக இருக்க வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய விதி இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்த காசோலை. அதனால்தான் யார் பார்த்தாலும் ஆம், இல்லை என்று ஒரே பதில் வரும்படி எழுத வேண்டும் என்கிறோம். வடிகால் பலகையைக் கடப்பாரை போட்டுத் தூக்க முடிகிறதா? தண்ணீர் தேங்கியிருக்கிறதா? கம்பி வெளியே தெரிகிறதா? நடைபாதையில் சங்கிலி இருக்கிறதா? முதல் அறிவிப்புக்கு அபராதம் கூடாது, சரிசெய்ய நியாயமான அவகாசம் வேண்டும், அறிவிப்பும் படமும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இதில் பேரம் பேச எங்கே இடம்? இன்னொன்றையும் அவரிடம் கேட்க வேண்டும். இன்றைக்கு அப்படி ஒரு தரம் இல்லை, லஞ்சமும் இல்லையா? வண்டி நிறுத்துமிடம் கடையானது யாருடைய கண்ணும் படாமலா நடந்தது? லஞ்சத்தால் ஆதாயம் அடைந்தவரே லஞ்சத்தைக் காட்டி விதியைத் தடுப்பதை நான் வாதமாக ஏற்கமாட்டேன்.

கணபதி ஒரு காலத்தில் தனி ஊர், பிறகு மாநகராட்சியின் பகுதி. அந்தக் கால வாய்க்கால் வசதியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கால வாடகை வாங்கும் கட்டடங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் இரக்கம் காட்டுவது? நம் வார்டு உறுப்பினர்களுக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்கு முன் சத்தி ரோட்டின் வடிகால்மேல் பூசிய ஒவ்வொரு சாய்தளத்துக்கும் உரிமையாளர் பெயரில் அறிவிப்பு அனுப்புங்கள், தூக்கி மாட்டும் பலகையாக மாற்றச் சொல்லுங்கள், கடைக்காரர் பெயரில் அனுப்பாதீர்கள்.