அந்த ஊசி எதற்கென்று சொல்லுங்கள்

சோமனூர்ப் பக்கம் 26 வருசம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போனால் துணியை விலக்கி முழுசாகப் பார்ப்பேன். ஒண்ணுக்குப் போகும் துவாரம் குறியின் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும் ஆண் குழந்தைகளை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஹைப்போஸ்பேடியாஸ் என்பார்கள். ஏறத்தாழ 200, 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. ஆனாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

போன வருசம் விசைத்தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பத்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆபரேசனுக்கு முன்னாடி மாசம் ஒரு ஊசி போடோணுமாங்க. ஆம்பளை ஊசின்னு மருந்துக் கடையில சொன்னாங்க. எம் பையன் ஆம்பளப் பையன் இல்லீங்களா நர்சம்மா?" கேட்டுவிட்டு அழுதாள். மாமியாருக்குக்கூடத் தெரியாதாம்.

சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன. எதற்கென்று ஒரு வரி இல்லை.

அது டெஸ்டோஸ்டிரோன். குறியின் மொட்டு மிகச் சிறிதாக இருந்தால், ஆபரேசனில் நுனிவரை அமைக்கும் புது மூத்திரக் குழாயை மூடித் தைக்கச் சதை போதாது. தையல் பிரியும், ஓட்டை விழுந்து மூத்திரம் கசியும். அதனால் ஹார்மோன் கொடுத்து மொட்டைப் பெருக்கப் பார்க்கிறார்கள். மெல்லிய முடி முளைக்கலாம், தோல் கறுக்கலாம், குறி விறைக்கலாம், பிள்ளை சிடுசிடுக்கலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முன்கூட்டியே சொன்னால் தாய் தாங்கிக்கொள்வாள். சொல்லாவிட்டால், குளிப்பாட்டும்போது அந்த முடியைப் பார்த்து நெஞ்சடைத்துப் போவாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டியதில்லை. ஊசியால் சிக்கல் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. காயம் ஆறுவதைக் கெடுக்குமோ என்று சந்தேகப்படும் மருத்துவர்களும் உண்டு. மொட்டின் அகலம் 14 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிக்கல் கூடுகிறது என்று அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். டாக்டர்களே, அந்த அகலத்தை அளந்து சீட்டில் எழுதுங்கள். தறியில் இழை எண்ணுகிறவளுக்கு மில்லிமீட்டர் புரியாதா?

விதை இரண்டும் கைக்குத் தட்டுப்படவில்லையென்றால் ஊசிப் பேச்சே கூடாது. ரத்தமும் குரோமோசோமும் பார்த்தாக வேண்டும். அட்ரினல் சுரப்பிக் கோளாறுள்ள பெண் குழந்தை சில சமயம் இப்படி ஆண் குழந்தைபோலத் தெரியும்; உடம்பில் உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளின் பாலின அறுவையில் பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அந்த அறுவைக்கு, உயிராபத்தான நிலை தவிர, அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும் தடை போட்டது. இந்தப் பையனின் விசயம் வேறு. ஆனால் விவரம் தெரிந்து போடும் பெற்றோர் கையெழுத்துக்கே எல்லை உண்டென்றால், எதற்கென்று தெரியாமல் போடுவதற்கு என்ன மதிப்பு?

மறுவாரம் அவளோடு நானும் கோவைக்கு பஸ் ஏறினேன். கேட்டதும் டாக்டர் அளந்து பார்த்து, சீட்டின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை. திரும்பும்போது கருமத்தம்பட்டி வரும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேனுங்க" என்றாள்.